பெற்றோலும் போத்தலும்: தடைசெய்வதா, திருத்துவதா?

எரிபொருள் நிரப்பு நிலையங்களில், கைத்தொலைபேசியின் படத்தின் மீது சிவப்புக்கோடு இழுத்த அறிவித்தல் பலகையைக் காணாதவர்கள் இருக்கமுடியாது. 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பெற்றோல் நிரப்பும்போது தொலைபேசி ஒலித்ததால் வாகனம் தீப்பற்றியது, ஆள் கருகினார் என்றெல்லாம் மின்னஞ்சல்கள் உலகைச் சுற்றிவந்தன. இன்று அதே செய்திகள் தொலைபேசிகளிலேயே சுற்றுகின்றன. ஆனால், அமெரிக்காவின் பெற்றோலிய உபகரண நிறுவகம் 150 க்கும் மேற்பட்ட தீ விபத்துகளைப் பற்றிய அறிக்கைகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது, தொலைபேசியால் மூண்டது என்று உறுதிப்படுத்தக்கூடிய ஒரு சம்பவத்தையேனும் கண்டதில்லை. அந்த நிறுவகம் கண்டது வேறொன்று. குழாய்முனையை வாகனத்தில் செருகிவிட்டு, குளிருக்கோ அல்லது பணப்பையை எடுப்பதற்கோ மீண்டும் ஆசனத்தில் ஏறி அமர்ந்தவர்கள், இறங்கிவந்து குழாய்முனையைத் தொட்ட கணத்தில் தீ மூண்டிருக்கிறது. ஆசனத்துணியில் உராய்ந்த உடையில் சேர்ந்த நிலைமின்தான் அதற்குக் காரணம்.

எமது நாட்டில் பெரும்பாலும் ஊழியர்களே எரிபொருளை நிரப்புவதால் இந்த ஆபத்து எமக்குச் சற்றுத் தொலைவானது. இங்குள்ள ஆபத்து வேறுவிதமானது. தொலைபேசிக்கு எதிரான அந்தப் பலகையின் கீழேயே, மூன்று பேர் ஏறியமர்ந்த மோட்டார் சைக்கிளின் தாங்கிக்குள் விளிம்புவரை பெற்றோல் ஊற்றப்படுகிறது. தாங்கியின் மேல் குழந்தை இருந்தால் அதனைச் சற்றுப் பின்னால் நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். வழிந்த பெற்றோல் சூடான இயந்திரத்தின் மீது சொட்டுகிறது. அடுத்து நிற்பவர் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை நீட்டுகிறார். தெரிந்த முகமாயின் அதுவும் நிரம்புகிறது. அந்தப் போத்தலைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

பெற்றோலைப் பற்றிய சில அடிப்படை உண்மைகளை முதலில் கூறிவிடுவது நல்லது. எரிவது பெற்றோல் என்ற திரவம் அல்ல. அதிலிருந்து எழும் ஆவிதான். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலான கடுங்குளிரிலும்கூட, தீப்பற்றுவதற்குப் போதுமான ஆவியைப் பெற்றோல் வெளியிடுகிறது. மண்ணெண்ணெய்க்கோ 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். டீசலுக்கு அதனிலும் கூடுதலாக வேண்டும். எமது வீடுகளில் மண்ணெண்ணெயைக் கையாண்டு பழகிய கைகள் அதே பழக்கத்துடன் பெற்றோலையும் கையாளுவதில்தான் வினையே ஆரம்பிக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலெழுந்து கலைந்துபோகாமல், நிலத்தோடு நிலமாகப் படர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். கொல்லைப்புறத்தில் ஊற்றிய பெற்றோலின் ஆவி, சமையலறை வாசற்படியைக் கடந்து அடுப்படிக்குச் செல்வதை எவரும் கண்ணால் காண்பதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு ஆவி கலந்திருந்தாலே போதும், தீ அந்தப் பாதையால் ஓடிவந்து கலனைத் தேடும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின்னர் வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிக் கூறவேண்டியதில்லை. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் முன்வரிசையில் இருந்தன. மின்சாரம் அற்றுப்போயிருந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. எனவே, சிறு குப்பியொன்றில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலிலிருந்து சில துளிகளை விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெள்ளைப் புகையும் அந்த நெடியும் அக்காலத்தில் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படித்துக்கொண்டிருந்த எனது தலைமுறையினருக்கு இன்னமும் நினைவிருக்கும். எமது மக்களின் புத்தி சாதுரியத்துக்கு உதாரணமாக இந்தக் கதை இன்று புலம்பெயர் நாடுகளின் ஒன்றுகூடல்களில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பெற்றோல் குப்பி எங்கே இருந்தது என்பதை எவரும் சொல்வதில்லை. அது சட்டைப்பையில் இருந்தது, சாமி அறையின் மூலையில் இருந்தது, குப்பி விளக்கு எரியும் மேசைக்குக் கீழே இருந்தது.

மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஒரே வீட்டில், ஒரேவிதமான போத்தல்களில், பெயரொட்டாமல் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இருட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுபவர் போத்தலை மாற்றி எடுத்துவிட்டால் போதும். சிறிதளவு பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் பார்வைக்கு மண்ணெண்ணெயாகவே இருக்கும். தீயின் முன்னால் பெற்றோலாக நடந்துகொள்ளும். மற்றொன்றையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். தாகத்தில் ஓடிவரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். எரிபொருளைக் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைப்பது, வயிற்றிலிருப்பதை நுரையீரலுக்கு அனுப்பும் வேலையாகிவிடும். தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யவேண்டியது.

இந்தப் பின்னணியில் 2022 ஆம் ஆண்டைப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டில், வடக்கு கிழக்கு மக்கள் மூன்று தசாப்தங்களுக்கு முன்னர் கற்ற பாடத்தை முழு நாடுமே கற்றுக்கொண்டது. வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. மார்ச் மாதத்தில் நிரப்பு நிலையங்களுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கைவிரித்தது. இந்தக் குழப்பத்தின் நடுவே, கலன்களுக்கும் போத்தல்களுக்கும் பெற்றோல், டீசல் வழங்குவது தடைசெய்யப்பட்டது. பதுக்கலைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். அந்த நோக்கத்தில் நியாயம் இல்லையென்று கூறமுடியாது.

விளைவு என்ன? வாகனத் தாங்கியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள், இறப்பர்க் குழாயொன்றைச் செருகி, வாயால் உறிஞ்சி, கிடைத்த போத்தல்களிலும் தண்ணீர்க் கலன்களிலும் இறக்கி வைத்தார்கள். வெளிச்சமும் ஆட்களும் தீயணைப்பு உபகரணமும் மணல் வாளியும் இருக்கின்ற ஓரிடத்தில் நடந்திருக்கக்கூடிய ஒரு காரியம், மின்வெட்டு நேரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வீட்டு முற்றத்தில் நடந்தது. மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்கள் அது ஓடி ஓய்ந்த சூட்டோடு இருட்டில் மீண்டும் பெற்றோல் ஊற்றினார்கள். சூடான புகைக்குழாயில் சொட்டும் பெற்றோலுக்கு நெருப்புக்குச்சி தேவையில்லை. தடை என்பது ஆபத்தை நிரப்பு நிலையத்திலிருந்து படுக்கையறைக்கு இடம்மாற்றியது என்பதே எனது அபிப்பிராயம்.

இதனை எமது நாட்டுக்கு மட்டும் உரிய பேதைமை என்று எண்ணிவிடவேண்டாம். 2012 மார்ச்சில் பிரிட்டனில் எரிபொருள் தாங்கிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, அமைச்சரவை அலுவலக அமைச்சராக இருந்த பிரான்சிஸ் மோட், மக்கள் சிறிது பெற்றோலைக் கலனொன்றில் வாகனக் கொட்டிலில் வைத்திருப்பது நல்லது என்று ஆலோசனை கூறினார். தீயணைப்பு வீரர்களின் சங்கம் கொதித்தெழுந்தது. ஓரிரு நாட்களுக்குள் யோர்க் நகரில் பெண்ணொருவர், எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்த சமையலறையில், கலனிலிருந்து வேறொரு பாத்திரத்துக்குப் பெற்றோலை ஊற்றியபோது ஆவி தீப்பற்றிக் கடுமையான எரிகாயங்களுக்கு உள்ளானார். வேலைநிறுத்தம் இறுதிவரை நடக்கவேயில்லை.

பற்றாக்குறை வரும்போதல்ல, வரும் என்ற அச்சம் எழும்போதே பெற்றோல் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பற்றாக்குறை உண்மையாக இருக்கும் இடங்களின் நிலை இன்னும் பரிதாபகரமானது. நாகோர்னோ கரபாக்கில் ஒன்பது மாத முற்றுகைக்குப் பின்னர், 2023 செப்ரெம்பரில் ஆர்மேனிய மக்கள் ஊரைவிட்டு வெளியேற முண்டியடித்தபோது, பயணத்துக்குப் பெற்றோல் பெறுவதற்காக எரிபொருள் களஞ்சியமொன்றில் கூடியிருந்தனர். செப்ரெம்பர் 25 ஆம் திகதி அது வெடித்துச் சிதறியதில் 200 க்கும் மேற்பட்டோர் மாண்டுபோயினர். கலனும் கையுமாகப் பல தடவைகள் இடம்பெயர்ந்த எம்மவர்களால் அந்தச் செய்தியை வெறும் வெளிநாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டுப் போகமுடியாது.

எனவே, போத்தலை நீட்டும் மனிதனை முட்டாள் என்றோ பதுக்கல்காரன் என்றோ திட்டுவதில் பயனில்லை. வயலில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை நிரப்பு நிலையத்துக்கு உருட்டிவர முடியாது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் படகிலிருந்து கழற்றித் தோளில் சுமந்துவரவும் முடியாது. அதைத் தொடக்கிவைக்கச் சிறிது பெற்றோல் வேண்டும். புல்வெட்டும் இயந்திரம், மரமரியும் வாள், மின்பிறப்பாக்கி, நடுவழியில் எரிபொருள் தீர்ந்துபோன முச்சக்கரவண்டி என்று கலன் தேவைப்படும் நியாயமான காரணங்கள் ஏராளம். அந்த மனிதனின் தேவை இருக்கும்வரை ஏதோவொரு பாத்திரம் இருந்தே தீரும். அது எத்தகைய பாத்திரம் என்பதை மட்டுமே அரசாங்கத்தினால் தீர்மானிக்கமுடியும்.

இதற்கு நாம் வெளியே முன்னுதாரணம் தேடவேண்டியதில்லை. சத்திரசிகிச்சை நிபுணரான டாக்டர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குகள் சரிந்து எரிகாயங்களுடன் வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்து அலுத்துப்போனவர். குப்பி விளக்கு ஏற்றாதீர்கள் என்று அவர் ஏழைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. மின்சாரமில்லாத வீட்டில் அந்த உபதேசத்துக்குப் பொருளில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். குள்ளமான, கனமான, சரிந்தாலும் உருண்டோடாதவாறு இரு பக்கங்கள் தட்டையான, எண்ணெய் சிந்தாத திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். மார்மைற் போத்தலின் உருவமே அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. ‘சுதீபா’ என்ற அந்த விளக்கு மலிவு விலையில் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எமது பத்திரிகைகள் கிரிக்கெட்டுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அன்று அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

பெற்றோல் கலன் விடயத்தில் அமெரிக்கா வந்துசேர்ந்திருப்பதும் இதே தடத்துக்குத்தான். அங்கு பெற்றோலைக் ‘காஸ்’ என்றே அழைப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து மகன் ‘காஸ் கான்’ என்றால், அச்சுவேலியில் இருக்கும் தாய்க்குச் சமையல் எரிவாயு உருளைதான் கண்முன் வரும். அது கிடக்கட்டும். சிறிதளவு பெற்றோல் எஞ்சியிருக்கும் கலனைத் தீக்கருகில் சரிக்கும்போது, சுவாலை கலனுக்குள் புகுந்து, வாய்வழியே தீப்பிழம்பாகப் பீறிட்டு எதிரில் நிற்பவரைச் சுட்டெரிப்பது அங்கு பல வழக்குகளுக்குக் காரணமாயிற்று. கலனின் வாயில் சிறு உலோகவலை போன்ற தடுப்பை வைத்தால் சுவாலை உட்புகாது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஹம்ப்ரி டேவி 1815 இல் ஆக்கிய பாதுகாப்பு விளக்கின் தத்துவமும் இதுவே. ஆயினும், அந்த வலையைக் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறுவதற்கு 2020 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில். பிள்ளைகளால் திறக்கமுடியாத மூடி 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் வந்தது. பிரிட்டனில் 2014 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பிளாஸ்ரிக் கலன் 10 லீற்றர், உலோகக் கலன் 20 லீற்றர், அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்கக்கூடியது மொத்தம் 30 லீற்றர் என்று வரையறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ‘ஜெரி கான்’ என்று பெயர்பெற்ற 20 லீற்றர் தகரக்கலனை ஜேர்மனியர்கள் 1930 களின் பிற்பகுதியிலேயே செம்மைப்படுத்திவிட்டார்கள். அதில் பெற்றோல் விரிவடைவதற்கென்றே மேலே காற்றிடம் விடப்பட்டிருந்தது. நாமோ சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கலனின் மூடிக்குப் பொலித்தீன் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கையில் செய்யவேண்டியது கடினமானதல்ல. பெற்றோலுக்கென்று தரம் வரையறுக்கப்பட்ட 5 லீற்றர், 10 லீற்றர் சிவப்புக் கலனை இலங்கை தரக் கட்டளைகள் நிறுவனத்தின் சின்னத்துடன் நிரப்பு நிலையங்களிலேயே விற்கலாம். அந்தக் கலனுக்கு மட்டும் அளவோடு பெற்றோல் வழங்கலாம். கலனில் மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கவேண்டும். இங்குள்ள கடைகளில் தொங்கும் கலன்களில், இது பெற்றோலுக்கு உகந்தது என்று தமிழில் எழுதப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை. 2022 ஜூலையில் அறிமுகமாகி 2023 செப்ரெம்பரில் நீக்கப்பட்ட கியூஆர் குறியீட்டு முறை, ஒவ்வொரு லீற்றரும் எவரிடம் போகிறது என்று கணக்குவைக்க எமது நிருவாகத்தினால் முடியும் என்பதைக் காட்டிவிட்டது. பதுக்கலைத் தடுக்க இனியும் போத்தலைத் துரத்தவேண்டிய அவசியமில்லை.

2021 இறுதியில் சமையல் எரிவாயு அடுப்புகளும் உருளைகளும் வெடித்தபோது, கலவையின் விகிதம் மாறியது பற்றி நாடே கேள்வி எழுப்பியது; ஜனாதிபதி குழுவொன்றை நியமித்தார். பெற்றோல் கலன் தீப்பற்றி ஒருவர் இறந்தால், பத்திரிகையின் உட்பக்கத்தில் ஐந்து வரிகள். பெயர், வயது, ஊர், இத்தனை பிள்ளைகளின் தந்தை, பொலிஸார் மேலதிக விசாரணை. எந்தக் கலன், என்ன மூடி, அருகில் எது எரிந்துகொண்டிருந்தது என்று எந்தச் செய்தியாளரும் கேட்பதில்லை. எந்த ஆசிரியபீடமும் கேட்கும்படி பணிப்பதுமில்லை. குற்றஞ்சாட்டுவதற்கு நிறுவனம் ஒன்று இல்லாத மரணத்தில் எமது துறைக்கு ஆர்வம் குறைவு.

நல்ல கலன் கைக்கு வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. கலனை வாகனத்தின் உள்ளேயோ, மோட்டார் சைக்கிளின் மீதோ, கையில் தூக்கிப்பிடித்தோ நிரப்பக்கூடாது. நிலத்தில் வைத்து, குழாய்முனை கலனின் விளிம்பைத் தொட்டபடியிருக்க, மெதுவாக நிரப்பவேண்டும். பிளாஸ்ரிக் விரிப்புள்ள பிக்-அப் வாகனத்தின் பின்தட்டில் வைத்தே கலனை நிரப்பியதால் மூண்ட தீ விபத்துகளைப் பற்றி அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவகம் 1998 இலேயே எச்சரித்திருந்தது. நிலத்தைத் தொடாத கலனில் சேரும் நிலைமின் வெளியேற வழியின்றிப் பொறியாகப் பாய்கிறது. நாம் கையால் உணரமுடியாத சிறு பொறியே அதற்குப் போதும். விளிம்புவரை நிரப்புவதும் தவறு. 20 லீற்றர் பெற்றோல் காலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலுக்கு 20 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 400 மில்லிலீற்றர் பெருக்கும். இருபதில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் கலன் வாகனத்துக்குள் இருக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. காற்றோட்டமான, நிழலான, பிள்ளைகளுக்கு எட்டாத புறக்கொட்டிலே அதற்குரிய இடம். குளிர்சாதனப்பெட்டி, நீர்ப்பம்பி, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கலாகாது. பெற்றோலை அடுப்பு மூட்டவோ குப்பை எரிக்கவோ பயன்படுத்துவது தற்கொலைக்கு ஒப்பானது. வெறுமையான பரல் என்று நம்பி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், அதற்குள் திரவம் தீர்ந்தாலும் ஆவி தீரவில்லை என்பதை நினைக்கவேண்டும். மின்பிறப்பாக்கியை நிறுத்தி, கைவைக்கக்கூடிய அளவுக்கு ஆறியபின்னரே பெற்றோல் ஊற்றவேண்டும். அதுவரை இருட்டில் இருப்பதால் எவரும் இறந்துவிடப் போவதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் தாமே எரிபொருள் நிரப்பும் உறவுகளுக்கு ஒன்று. பனிக்காலத்தின் வறண்ட காற்றில் நிலைமின் அதிகம். நிரப்பி முடியும்வரை வாகனத்துக்குள் ஏறாதீர்கள். ஏறத்தான் நேர்ந்தால், குழாய்முனைக்குக் கிட்டப் போகுமுன்னர் வாகனத்தின் உலோகக் கதவை வெறுங்கையால் தொடுங்கள். நிரப்பும்போது தீ மூண்டுவிட்டால் குழாய்முனையைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தாங்கியின் வாயில் நிற்கும் தீ, பெற்றோலோடு சேர்ந்து உங்கள் மீதும் நிலத்திலும் தெறிக்கும். அப்படியே விட்டுவிட்டு, வாகனத்தில் உள்ளவர்களை இறக்கிக்கொண்டு விலகி ஓடி, ஊழியரிடம் சொல்லுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் அவரிடம் இருக்கிறது.

உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நிலத்தில் விழுந்து உருளவேண்டும். தீ அணைந்ததும் எரிகாயத்தின் மீது குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடவேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், வாழைக்குருத்துச் சாறு என்று அயலவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவார்கள். அவற்றை வாங்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே வைத்தியசாலைக்கு வாகனம் பிடிக்க ஆளனுப்புங்கள்.